வேலை தருகிறவர் நம்மிடம் பணம் கேட்பாரா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஒரு குழுவின் கணக்கு எழுதுபவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "நம்ம குழு வளர்ந்த கதையைச் சொல்லு"ன்னு சொன்னாங்க. அதைச் சொல்ல என்னைவிட மூத்தவங்க இங்கே நிறையப் பேர் இருக்காங்க. "நான் ஏமாந்த கதையைச் சொல்லட்டுமாக்கா?"ன்னு கேட்டேன். தலைவி அக்கா கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. பிறகு, "சொல்லுட்டி, அதுதான் நாலு பேருக்கு உதவும்"னாங்க. அதனாலதான் இந்த மேடையில நிக்கேன்.

எங்கள் குழுவில் பதினோரு வருஷமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் எல்லாம் என் கையெழுத்துதான். பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு நிறுத்திட்டாங்க. ஆனா எழுத்து மேல இருந்த ஆசை மட்டும் நிக்கல. வானொலிக்குக் கடிதம் போடுவேன். பத்திரிகைக்கு வாசகர் கடிதம், சமையல் குறிப்பு எழுதுவேன். ரெண்டு மூணு அச்சிலயும் வந்திருக்கு. "எழுதினாக் காசு வருமா?"ன்னு என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். வரணும்னு எனக்கும் ஆசைதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நமக்கு வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிச்சு. தாமிரபரணி கரை தாண்டி ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் மூழ்கிப் போச்சு. தூத்துக்குடி டவுனுக்குள்ள படகு விட்டாங்க. எங்க வீட்டில் இடுப்பளவு தண்ணி. கூரை ஓடு பாதி போச்சு. என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை. பாத்தியெல்லாம் சேறாகிப் போனதால பல வாரம் வேலை இல்லை. கையில் இருந்தது ரெண்டு பிள்ளைகளும் ஒரு போனும்தான். கொரோனா காலத்தில் பிள்ளைகள் படிப்புக்காகத் தவணையில் வாங்கின போன் அது.

அந்த நேரம் பாத்துத்தான், ஜனவரி மாசம், எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்துச்சு. "தமிழில் எழுதத் தெரிந்த பெண்கள் தேவை. வீட்டில் இருந்தபடியே மாதம் 25,000 ரூபாய் வரை சம்பாதிக்கலாம். அனுபவம் தேவையில்லை. மொபைல் போன் போதும்." அனுப்பினது என் சித்தி மகள். அவளுக்கு யாரோ அனுப்பியிருக்காங்க. அவளும் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினா.

அந்த நம்பருக்கு எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஏதாவது எழுதி அனுப்பச் சொன்னாங்க. வெள்ளத்தன்னைக்கு ராத்திரி மொட்டை மாடியில் நாங்க பதினாலு பேர் ஒரே தார்ப்பாய்க்குள்ள இருந்ததை எழுதி அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் பதில்: "உங்கள் எழுத்து நடை மிக அருமை. நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்." எனக்குக் கண்ணில் தண்ணி வந்துட்டு. அதுவரைக்கும் என் எழுத்தை அருமைன்னு யாரும் சொன்னதில்லை. இதே வார்த்தை, ஒரு எழுத்துகூட மாறாம, என் சித்தி மகளுக்கும் வந்திருந்துச்சுன்னு பிறகுதான் தெரிஞ்சுது. அவ அனுப்பினது பிள்ளையோட பள்ளிக்கூடக் கட்டுரையாம்!

அடுத்து, "பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். முதல் சம்பளத்தோடு திரும்பத் தருவோம்"னாங்க. கட்டினேன். ஆதார் நகல், போட்டோ, கையெழுத்து கேட்டாங்க. குடுத்தேன். ஆறு பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு ஒப்பந்தம் வந்துச்சு. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். பழைய புத்தகப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவாங்க, அதைத் தமிழில் டைப் அடிச்சுத் தரணும். 7 நாளில் 200 பக்கம், 90 சதவீதம் தப்பில்லாம இருக்கணும். அதுதான் வேலை.

பிள்ளைகள் தூங்கின பிறகு ராத்திரி பூரா பெருவிரலால் அடிச்சேன். படங்கள் எல்லாம் மங்கல். 'ன'வா 'ண'வா தெரியாது. ஆறாம் நாள் ராத்திரியே முடிச்சு அனுப்பிட்டேன். மறுநாள் பதில் வந்துச்சு: "உங்கள் வேலையில் 61 சதவீதம்தான் சரி. ஒப்பந்தப்படி நீங்கள் கம்பெனிக்கு 9,800 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும்."

அதுக்கு அடுத்த நாள் ஒருத்தர் வக்கீல்னு சொல்லிப் பேசினார். தராசுப் படம் போட்டு, சிவப்பு முத்திரை வச்சு ஒரு நோட்டீஸ் போனுக்கு வந்துச்சு. 24 மணி நேரத்துக்குள்ள கட்டலன்னா போலீஸ் வீட்டுக்கு வரும், ஆதார் முடங்கும், பிள்ளைகளுக்குப் பின்னால அரசாங்க வேலை கிடைக்காதுன்னு மிரட்டினார்.

அக்காமாரே, இங்கதான் நான் செஞ்ச பெரிய தப்பு. 1,500 ரூபாய் குடுத்தது ஏமாளித்தனம். இது அதைவிடப் பெரிசு. அந்த வாரக் குழுக் கூட்டத்தில் 10,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். எதுக்குன்னு கேட்டப்போ, "கூரை பழுது பாக்க"ன்னு சொன்னேன். கூரை பழுதாகி இருந்தது நிஜம். அதனால யாரும் ஒரு வார்த்தை கேக்கல. எல்லாரும் சரின்னு சொன்னாங்க. "வெள்ளத்தில் சேதமடைந்த வீட்டுக் கூரை பழுதுபார்க்க ரூ.10,000 வழங்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று தீர்மானப் புத்தகத்தில் நானே என் கையால் எழுதினேன். பதினோரு வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் நான் எழுதின முதல் பொய் அது.

9,800 ரூபாயை அன்னைக்கே அனுப்பினேன். ரெண்டு வாரம் சத்தமில்லை. அதுக்குப் பிறகு, "கேஸை முடிக்கக் கோர்ட் செலவு 6,000 ரூபாய்"னு மறுபடியும் போன். ஒரு தடவை பயந்து குடுத்தவகிட்ட மறுபடி கேப்பாங்கன்னு அப்போ எனக்குத் தெரியல.

கூட்டம் தொடங்கும்போது போன கூட்டத்துத் தீர்மானங்களை வாசிக்கிறது நம்ம வழக்கம். வாசிக்கிறதும் நான்தானே. அந்த வரி வந்ததும் எனக்குக் குரல் நின்னு போச்சு. "என்னட்டி, கண்ணு தெரியலையா?"ன்னு பக்கத்தில் இருந்தவங்க கேட்டாங்க. அழுதுட்டேன். எல்லாத்தையும் சொன்னேன்.

எங்க குழுவில் மூத்த ஒரு பெரியம்மா, தலையில் மீன் கூடை சுமந்து பிள்ளைகளைக் கரையேத்தினவங்க. கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அவங்க கேட்ட கேள்வியைத்தான் இந்தப் பேச்சுக்குத் தலைப்பா வச்சிருக்கேன்.

"ஏட்டி, சம்மாட்டி எம் மவனைப் போட்டுக்குக் கூப்பிடணும்னா முன்பணம் குடுத்துல்லா கூப்பிடுதாரு. இவன் வேலை தாரேன்னு சொல்லிட்டு உங்கிட்ட முன்பணம் வாங்கியிருக்கானே, இது எந்த ஊரு நியாயம்?"

பத்தாவது படிச்ச எனக்கு வராத கேள்வி அது. நம்ம கடற்கரையில் வேலைக்குக் கூப்பிடுகிறவர் குடுத்துத்தான் பாத்திருக்கோம். வேலைக்குப் போறவர் குடுத்து எங்கேயாவது பாத்திருக்கோமா? உப்பளத்திலோ, கருவாட்டுக் கம்பெனியிலோ, தீப்பெட்டி ஆபீசிலோ, "1,500 கட்டு, நாளையில இருந்து வேலைக்கு வா"ன்னு யாராவது சொன்னா நாம சிரிச்சிருப்போம். போனில் சொன்னதால நம்பிட்டோம்.

அன்னைக்கே குழுவில் என்ன செஞ்சாங்கன்னு சொல்லுதேன். இது உங்களுக்கும் ஒரு நாள் தேவைப்படலாம்.

முதல்ல 1930-க்குப் போன் போட்டோம். இணையவழிப் பண மோசடிக்கு நாடு முழுக்க ஒரே எண் அது. எந்த வங்கி, எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு தொகை, பணம் அனுப்பினதுக்கான பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டாங்க. பிறகு தலைவி அக்கா மகள் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்தில் புகாரைப் பதிவு செஞ்சு, புகார் எண் வாங்கித் தந்தா. வந்த செய்தி, நோட்டீஸ், பணம் போன ரசீது எதையும் அழிக்காம வச்சிருந்தது நல்லதாப் போச்சு. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் நாலு பேரா சேர்ந்து போய் எழுதிக் குடுத்தோம்.

அடுத்து மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். 1987-ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். வருமானம் எவ்வளவுன்னு பாக்கிறதில்லை. 15100-ன்னு ஒரு எண்ணும் இருக்கு. அங்கே இருந்த வழக்கறிஞர் அம்மா நோட்டீஸைப் பாத்துட்டுச் சிரிச்சாங்க. வழக்கு எண் இல்லை, வக்கீலோட பதிவு எண் இல்லை, முகவரி இல்லை. "டைப் அடிச்சதில் எழுத்துப் பிழை வந்ததுக்குப் போலீஸ் யாரையும் கைது செய்யாதும்மா. ஒப்பந்தத் தகராறுன்னா அவங்க சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும். ஏமாத்திக் கையெழுத்து வாங்கின ஒப்பந்தத்தை ஏமாந்தவங்க ரத்து செய்யலாம்னு 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டமே சொல்லுது. இழப்பீடுன்னு ஒரு தொகையை எழுதி வச்சுட்டா அதை அப்படியே வாங்கிடவும் முடியாது. நியாயம் எவ்வளவுன்னு கோர்ட் பாக்கும்"னு சொன்னாங்க. எனக்கு அன்னைக்குத்தான் தூக்கம் வந்துச்சு.

என் பணம் 11,300 ரூபாய் திரும்பி வரல. உள்ளதைச் சொல்லணும் இல்லையா? நான் 1930-க்குச் சொன்னப்போ பணம் போய் மூணு வாரம் ஆயிருந்துச்சு. அந்தப் பணம் ஒரு கணக்கில் நிக்காது. ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு, அங்கே இருந்து வேற ஒண்ணுக்குன்னு நிமிஷக் கணக்கில் ஓடி, கடைசியில் எங்கேயோ எடுத்துடுவாங்க. உடனே சொன்னா, வழியில் எந்தக் கணக்கில் மிச்சம் நிக்குதோ அதை வங்கி நிறுத்தி வைக்க முடியும். ஒரு மணி நேரம் முந்தினாலும் லாபம்தான். நான் வெக்கப்பட்டு வாயை மூடியிருந்த மூணு வாரம்தான் அவனுக்குக் கிடைச்ச லாபம்.

அதுக்குப் பிறகு இந்த மாதிரி விளம்பரங்களை எங்கே பாத்தாலும் எழுதி வைக்க ஆரம்பிச்சேன். கணக்கு எழுதுறவ புத்தி அப்படி! நம்ம கூட்டமைப்பில் மத்த குழுக்கள்லயும் விசாரிச்சேன். வழி பலவிதமா இருந்தாலும் அஞ்சு வகைக்குள்ள அடக்கிடலாம்.

ஒண்ணு, கட்டணம் கேக்கிற வேலை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்வைப்புன்னு பேரு மாறும். இது புதுசு இல்லை. அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார நெருக்கடிக் காலத்திலேயே "வீட்டில் இருந்தபடி கவரில் கடிதம் போடும் வேலை"ன்னு விளம்பரம் பண்ணிக் கட்டணம் வாங்கினாங்க. கட்டினவங்களுக்கு வந்தது வேலை இல்லை. "நீங்களும் இதே மாதிரி விளம்பரம் போட்டு அடுத்தவங்ககிட்ட வசூல் பண்ணுங்க"ங்கிற யோசனைதான் வந்துச்சு.

ரெண்டு, நான் விழுந்த குழி. செய்ய முடியாத அளவு வேலை, எட்ட முடியாத சரிபார்ப்பு, அதுக்குப் பிறகு வக்கீல் நோட்டீஸ். இதில் அவங்களுக்கு நாம அடிச்ச 200 பக்கம் தேவையே இல்லை. நாம தோக்கிறதுதான் தேவை. நான் அனுப்பினதை யாரும் படிச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க.

மூணு, எழுதத் தெரிஞ்சவங்களுக்குன்னே வைக்கிற வலை. "எழுத்தாளர்கள் தேவை. மாதிரிக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்புங்க"ன்னு கேப்பாங்க. ஒருத்திகிட்ட சமையல், ஒருத்திகிட்ட குழந்தை வளர்ப்பு, ஒருத்திகிட்ட கோயில் வரலாறுன்னு ஆளுக்கு ஒரு தலைப்பு குடுப்பாங்க. எல்லாத்தையும் வாங்கிட்டு, "நீங்கள் தேர்வாகவில்லை"ன்னு ஒரே வரி. கட்டுரை மட்டும் வேற பேரில் எங்கேயோ வந்திருக்கும். பணம் போகலியேன்னு நாமளும் பேசாம இருந்திடுவோம். உழைப்பு போச்சே அக்கா, அது பணம் இல்லையா? மாதிரி கேட்டா, ஏற்கெனவே எழுதினதைக் காட்டுங்க. புதுசா எழுதணும்னா பத்து வரிக்கு மேல வேண்டாம். அதுக்கு மேல கேட்டா கூலியைப் பேசிட்டு எழுதுங்க.

நாலு, முதல்ல காசு குடுத்துப் பிடிக்கிறது. வீடியோவுக்கு லைக் போடு, ஓட்டலுக்கு நல்ல விமர்சனம் எழுதுன்னு சொல்லி, உடனே 150, 200 ரூபாய் போட்டுடுவாங்க. நம்பிக்கை வந்ததும் டெலிகிராம் குழுவில் சேப்பாங்க. அங்கே, "1,000 கட்டினா 1,300 வரும்"னு தொடங்கி ஆயிரம் பத்தாயிரமாகி லட்சம் ஆகும். திரையில் நம்ம பேரில் பெரிய தொகை தெரியும், எடுக்க மட்டும் முடியாது. எடுக்கணும்னா வரி கட்டுன்னு அதுக்கும் பணம் கேப்பாங்க. இந்த மாதிரி பகுதிநேர வேலை மோசடியிலும் முதலீட்டு மோசடியிலும் ஈடுபட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கிட்டதா 2023 டிசம்பர் 6-ஆம் தேதி மத்திய அரசு அறிவிச்சுது. வெளிநாட்டில் இருந்து நடத்துறாங்கன்னும், பணி ஓய்வு பெற்றவங்க, பெண்கள், வேலை தேடுற இளைஞர்கள் இவங்களைத்தான் குறி வைக்கிறாங்கன்னும் அந்த அறிவிப்பில் இருந்துச்சு. நமக்கு வெள்ளம் வந்ததுக்குப் பதினோரு நாளைக்கு முந்தி வந்த அறிவிப்பு அது. நான் அதைப் படிக்கல. ஜனவரியில் மாட்டிக்கிட்டேன்.

அஞ்சு, இதுதான் எல்லாத்திலும் மோசம். "உங்க வங்கிக் கணக்கை மட்டும் குடுங்க, வர்ற பணத்தை நாங்க சொல்ற இடத்துக்கு அனுப்புங்க, கமிஷன் தாரோம்." அதுவும் வேலைன்னுதான் சொல்லுவாங்க. அக்காமாரே, அது என்னைப் போல ஏமாந்த இன்னொருத்தியோட பணம். கணக்கு யார் பேரில் இருக்கோ போலீஸ் முதல்ல அவங்க வீட்டுக்குத்தான் வரும். சொந்தக் கணக்கையும் குடுக்கக் கூடாது. குழுக் கணக்கைக் கனவிலும் குடுக்கக் கூடாது. ஒரு கணக்கு முடங்கினா பன்னிரண்டு வீட்டுச் சேமிப்பு முடங்கும்.

நம்ம பிள்ளைகளுக்காக இன்னொண்ணும் சொல்லணும். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலைன்னு நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்களை மியான்மரில் மியாவாடி என்கிற இடத்துக்குக் கொண்டு போய் அடைச்சு வச்சாங்க. போனில் ஊரை ஏமாத்துற வேலையைத்தான் அவங்களைச் செய்யச் சொன்னாங்க. மாட்டேன்னவங்களை அடிச்சாங்க. அரசு முயற்சி எடுத்து அந்த அக்டோபரில் ஒரு பகுதியினரை மீட்டுக் கொண்டு வந்தாங்க. நம்மகிட்டப் பொய் பேசுற குரல்லகூடச் சிலது இப்படி மாட்டிக்கிட்ட பிள்ளைகளோட குரலா இருக்கலாம். அதனால சுற்றுலா விசாவில் வெளிநாட்டு வேலைன்னு யார் சொன்னாலும் பிள்ளையை அனுப்பாதீங்க. முகவர் அரசில் பதிவு பெற்றவரான்னு பாத்துட்டுத்தான் அடுத்த பேச்சு.

இதையெல்லாம் யோசிக்கும்போது நம்ம ஊரு முத்துக்குளிப்பு எனக்கு ஞாபகம் வரும். மன்னார் வளைகுடாவில் கடைசியா 1961-ல் குளிப்பு நடந்துச்சு. குளிப்புன்னு அரசாங்கம் அறிவிக்கிறதுக்கு முந்தி, பாரில் இருந்து மாதிரிக்குச் சிப்பி எடுத்து, திறந்து பாத்து, முத்து எவ்வளவு தேறும்னு மதிப்புப் போடுவாங்க. அதுக்குப் பிறகுதான் அறிவிப்பு. ஏலத்தில் சிப்பியைத் திறக்காமதான் ஆயிரம் கணக்கில் விப்பாங்க. உள்ளே முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாங்குற வியாபாரிக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் வாங்குவார்.

இந்த விளம்பரக்காரங்க காட்டுற மாதிரி வேற. முதல் நாள் போடுற 150 ரூபாயும் மாதிரிதான். ஆனா அது பாரில் இருந்து எடுத்தது இல்லை, அவன் சட்டைப்பையில் இருந்து எடுத்துச் சிப்பிக்குள்ள வச்ச முத்து. "நடை அருமை"ன்னு என்கிட்டச் சொன்னதும் அப்படி வச்ச முத்துதான். அதனால அவன் காட்டுற மாதிரியை நம்பாதீங்க. நாமா எடுத்துப் பாக்கிற மாதிரிதான் மாதிரி. கம்பெனி எங்கே இருக்கு, அங்கே வேலை செஞ்சு சம்பளம் வாங்கினவங்க ஒருத்தரோட நேரில் பேச முடியுமா, ஒப்பந்தத்தைத் தமிழில் தருவாங்களா, பேசுறவர் வாட்ஸ்அப்பை விட்டு வெளியே வருவாரா? இந்த நாலையும் கேட்டாலே பாதிப்பேர் போனை வச்சிடுவாங்க.

எழுத்து வேலையே பொய்யின்னு நான் சொல்லல. அப்படி நினைச்சுடாதீங்க. நிஜ வேலையும் இருக்கு. பத்திரிகை, பதிப்பகம், மொழிபெயர்ப்பு, கடைக்காரங்களுக்கு விளம்பரம் எழுதுறதுன்னு எத்தனையோ பெண்கள் சம்பாதிக்கிறாங்க. ஆனா அங்கே மொபைலில் அடிச்சே மாசம் 25,000-னு யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க எழுத்தைப் படிப்பாங்க, திருத்துவாங்க, சிலதைத் திருப்பி அனுப்புவாங்க. என் கடிதங்கள் எத்தனையோ அச்சில் வராமப் போயிருக்கு. அது மரியாதைன்னு இப்போதான் புரியுது. படிச்சுப் பாத்துட்டு வேண்டாம்னு சொன்னாங்க. படிக்காமலே அருமைன்னு சொன்னவன்தான் என்னைக் கெடுத்தான்.

தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் இந்தக் குழுக்கள் தொடங்கினப்போ நம்ம அம்மாமார் ஏன் கூடினாங்க? கந்துவட்டிக்காரன் தனியா இருக்கிற பொம்பளையைத்தான் தேடி வருவான், அவசரத்தில் இருக்கும்போதுதான் வருவான். பன்னிரண்டு பேர் வட்டமா உக்காந்தா அவனுக்கு அங்கே வேலை இல்லை. இந்த விளம்பரமும் அதே மாதிரிதான். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், ஐப்பசி கார்த்திகையில் உப்பளம் கிடக்கிற காலம், வெள்ளம் வந்து வடிஞ்ச காலம், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாசம், நமக்கு முடை எப்போன்னு பாத்து வரும். "இன்னைக்கே கட்டணும், யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு சொல்லும். தனியாவும் அவசரமாவும் முடிவெடுக்க வைக்கிறதுதான் அதோட தொழில்.

அதனால எங்க குழுவில் மூணு தீர்மானம் போட்டோம். இந்த மலரைப் படிக்கிற எல்லாக் குழுவும் இதைப் பேசிப் பாக்கணும்னு கேட்டுக்கிடுதேன்.

முதலாவது, போனில் வந்த எந்த வேலைக்கும் பணம் கட்டுறதுக்கு முந்தி, கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி, ஆதார் குடுக்கிறதுக்கு முந்தி, அந்த விளம்பரத்தைக் கூட்டத்தில் வைக்கணும். அடுத்த கூட்டம் வரைக்கும் பொறுக்காத வேலை நமக்கு வேண்டாம்.

ரெண்டாவது, யாராவது ஏமாந்துட்டா அன்னைக்கே, ராத்திரி பன்னிரண்டு மணியானாலும், 1930-க்குச் சொல்லிட்டு ஊக்குநருக்குச் சொல்லணும். கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மூணாவது, ஏமாந்து வந்தவளை யாரும் ஏசக் கூடாது. "உனக்கு எதுக்குட்டி பேராசை?"ன்னு கேக்கக் கூடாது. மாசம் ஆறாயிரம் ஏழாயிரம் கூடுதலா வந்தா பிள்ளை டியூசனுக்குப் போகும்னு நினைக்கிறது பேராசை இல்லை. இதை மூணாவதா வச்சிருந்தாலும், முதல் ரெண்டும் நடக்கணும்னா இது இருக்கணும். திட்டு விழும்னு தெரிஞ்சா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. நான் திறக்கல.

என் கடன் 10,000 ரூபாயைப் பத்துத் தவணையில் கட்டி முடிச்சேன். வட்டியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லிக் கேக்கல, அவங்களும் குறைக்கல. அதுதான் முறை. ஆனா, "இனி கணக்கு நீ எழுத வேண்டாம்"னு சொல்லுவாங்கன்னு பயந்தேன். அந்தப் பெரியம்மா தீர்மானப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "எழுதுட்டி. பொய்யை எழுதின கைதான் நிஜத்தையும் எழுதணும்"னாங்க. "முந்தைய கூட்டத் தீர்மானத்தில் எழுதப்பட்ட கடன் காரணம் தவறு. உறுப்பினர் இணையவழி வேலை மோசடியில் ஏமாற்றப்பட்டதற்காகக் கடன் பெற்றார் எனத் திருத்தப்படுகிறது" என்று எழுதினேன். கீழே பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க.

போன வருஷம் இன்னொரு குழு கருப்பட்டி மிட்டாய்க்கும் கருவாட்டுக்கும் பாக்கெட் போட்டாங்க. அதில் அச்சடிக்க நாலு வரி எழுதித் தரச் சொன்னாங்க. ரெண்டு தடவை திருத்தச் சொன்னாங்க. எழுதிக் குடுத்தேன். 500 ரூபாய் குடுத்தாங்க. எழுத்துக்காக என் கைக்கு வந்த முதல் காசு அதுதான். அதுக்காக அவங்க என்கிட்ட முன்பணம் ஒரு பைசா கேக்கல.

வீட்டுக்குப் போனதும் 1930-ங்கிற எண்ணை அடுப்படிச் சுவரில் எழுதிப் போடுங்க. மகள்கிட்டயும் மருமகள்கிட்டயும் சொல்லுங்க. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாம மனசுக்குள்ள வச்சிருக்கிறவங்க இந்தக் கூட்டத்தில் ஒருத்தராவது இருப்பீங்க. சாப்பாட்டுப் பந்தி முடிஞ்ச பிறகு வாசல் பக்கம் நான் இருப்பேன். வந்து சொல்லுங்க. நான் ஏச மாட்டேன். எனக்கும் நடந்ததுதானே.